வீடு கைமாறும் முன்

பிப்ரவரி 3

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ எப்படி இருக்கிறாய்? உன் வீட்டுக்காரிக்கு முழங்கால் வலி குறைந்ததா?

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போன் கூடத்தில் இருக்கிறது. கூடத்தில் உன் அத்தான் இருக்கிறார். மோட்டார் பட்டறையை மூடியதிலிருந்து மனிதர் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதே அபூர்வம். அதனால் தையல் யூனிட்டில் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். பதிலையும் யூனிட் விலாசத்துக்கே போடு.

வீட்டை விற்கப் போகிறோம். 'போகிறோம்' என்று எழுதிவிட்டேன், முடிவெடுத்தவர் அவர். கை கழுவிக்கொண்டே சொன்னார்: "இந்த வீட்ல இருந்தா மூச்சு முட்டுது. வித்துட்டு சின்னதா ஒரு ஃபிளாட் பார்த்துக்கலாம்." ஏன் மூச்சு முட்டுகிறது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். என் பிள்ளை வாண்டு இரண்டு வருஷத்துக்கு முன் வீட்டை விட்டுப் போனதிலிருந்து அவன் பேச்சை அவர் எடுத்ததே இல்லை. மோட்டாருக்குச் சுருள் தப்பாகச் சுற்றிவிட்டான் என்று, வாடிக்கையாளர் நாலு பேர் நிற்கும்போது கன்னத்தில் அறைந்தார். இருபத்துநாலு வயதுப் பையன். கையைத் துடைத்த துணியை மேஜைமேல் வைத்துவிட்டு, செருப்பைக்கூட மாட்டாமல் நடந்தவன்தான்.

என் பயம் உனக்குப் புரியும். நாளைக்கே அவனுக்கு மனசு மாறி வருகிறான் என்று வை. கதவைத் தட்டுவான். யாரோ திறந்து, "யார் வேணும்?" என்பார்கள். அவன் சுபாவம்தான் தெரியுமே, "யாரும் இல்லீங்க" என்று சொல்லித் திரும்பிவிடுவான். அதற்குப் பிறகு எங்கே தேடுவேன்? போன வருஷம் ஆஸ்பத்திரிக்குப் போய் யாரோ ஒரு பையனின் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தேனே, அதையெல்லாம் இன்னொரு முறை தாங்க எனக்குத் தெம்பில்லை. அப்போதும் உனக்கு எழுதினேன். நீ பதில் போடவில்லை.

புரோக்கர் வந்து போனார். செண்ட் வாசனை அவருக்கு முன்னால் வீட்டுக்குள் வந்தது. சுவரையெல்லாம் முட்டியால் தட்டிப் பார்த்தார். "ஒரு கோட்டிங் பெயிண்ட் அடிங்க, பின்சுவர் ஈரக்கறையை மறைங்க, மாடி ரூமைக் காலி பண்ணுங்க. அப்புறம் வீடு தன்னாலே வித்துக்கும்" என்றார். மாடி அறை வாண்டுடையது.

நீ ஒருமுறை வந்து அத்தானிடம் பேசு. நீ சொன்னால் கேட்பார்.

வழி பார்த்திருக்கும்,
அக்கா

*

பிப்ரவரி 19

பிரியமுள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே சௌக்கியம். அவளுக்கு முழங்கால் தேவலை. உனக்குக் கால் வீக்கம் வடிந்ததா? தையல் மிஷினில் உட்கார்ந்தே இருக்காதே, நடுநடுவே எழுந்து நட.

இப்போது என்னால் வர முடியாது. பள்ளிக்கூடங்களில் பரிசு கொடுக்கும் சமயம். சான்றிதழ்களுக்கு ஃப்ரேம் போடச் சொல்லிக் கடையில் மலையாகக் குவித்திருக்கிறார்கள். கண்ணாடி வெட்டி வெட்டி விரலெல்லாம் பிளாஸ்திரி.

அத்தான் சொல்வதில் தப்பில்லை. அவ்வளவு பெரிய வீட்டை நீங்கள் இரண்டு பேரும் எத்தனை நாள் பெருக்கித் துடைப்பீர்கள்? வாண்டுவை நினைத்துக் குழப்பிக்கொள்ளாதே. அவன் ஒன்றும் விவரம் தெரியாத பிள்ளை இல்லை. வீடு மாறினாலும் வர வேண்டியவன் வந்து சேர்வான்.

ஆட்கள் வீடு பார்க்க வருவதற்கு முன்னால் ஒன்று செய். மாடிப்படி முடிகிற இடத்தில் இருக்கும் சுவிட்சை மாற்றிவிடு. ஈரக்கையோடு தொட்டால் ஷாக் அடிக்கும். நீ மொட்டை மாடியில் துணி காயப்போட்டுவிட்டு ஈரக்கையோடுதான் இறங்குவாய். தள்ளிப்போடாதே.

அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல்ல வேண்டாம், நான் எழுதியது தெரிந்துவிடும்.

உன் தம்பி

*

மார்ச் 6

அன்புத் தம்பிக்கு,

நலமாக இருக்கிறேன், உங்கள் இருவரின் நலத்தையும் நினைத்துக்கொண்டேன். கால் வீக்கம் அப்படியேதான்.

முதலில் உனக்கு நன்றி சொல்ல வேண்டும். எலக்ட்ரீஷியன் அந்த சுவிட்சைக் கழற்றிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். உள்ளே வயர் கருகி உரிந்து கிடந்தது. "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா ஆளையே தூக்கியிருக்கும்மா" என்றார். புதுசு மாட்டியாயிற்று.

வீடு பார்க்க முதலில் ஒரு கணவன் மனைவி வந்தார்கள். அளவுநாடாவோடு வந்தார்கள் என்றால் பார்த்துக்கொள். அந்தப் பெண் மாடி அறை நடுவில் நின்று, "இந்தச் சுவரை இடிச்சிட்டா நல்ல ஹால் ஆயிடும்" என்றாள். கீழே இறங்கியதும் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "பின்சுவரைப் பார்த்தீங்களா? பெயிண்ட் அடிச்சு மறைச்சிருக்கோம். மழை வந்தா தண்ணி ஒழுகும்" என்றேன். ஒரு வாளி வைத்தால் ரொம்பும் என்றும் சேர்த்துக்கொண்டேன். அது பொய். காபி டம்ளர்கூட ரொம்பாது.

அடுத்து வந்தவரிடம் பக்கத்து வீட்டு நாய் ராத்திரி முழுக்கக் குரைக்கும் என்றேன். பாவம், அது குரைத்தே நான் கேட்டதில்லை. புரோக்கர் என்னைக் கும்பிட்டுவிட்டார். "அம்மா, நீங்க வீட்டை விக்கிறீங்களா, காவல் காக்கிறீங்களா?" உன் அத்தான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஒரு வார்த்தை கண்டிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

தெருமுனைக் கடைக்காரர், இஸ்திரி போடுகிறவர், பால்காரர் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்: "என் பையன் வந்தா தையல் யூனிட்டுக்கு அனுப்புங்க." முகத்தைப் பார்க்காமல் தலையாட்டுகிறார்கள். இனிமேல் வரமாட்டான் என்று இந்தத் தெருவே முடிவு கட்டிவிட்டது போலிருக்கிறது.

நீ ஒரு எட்டு வந்துவிட்டுப் போயேன்.

அக்கா

*

ஏப்ரல் 4

அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. நடுவில் எனக்குக் காய்ச்சல், இப்போது பரவாயில்லை. நீங்கள் இருவரும் சுகம்தானே?

உன் கடிதத்தைப் படித்து இங்கே எல்லோருக்கும் மனசு சரியில்லாமல் போய்விட்டது. நாய் கதையைப் படித்துச் சிரித்தோம், அப்புறம் யாரும் சாப்பிடவில்லை.

அக்கா, வருகிறவர்களை விரட்டாதே. வீட்டை விற்றுவிடு. தெருவில் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு நிற்காதே, கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. அவன் எங்கே இருந்தாலும் சாப்பாட்டுக்குக் குறை இருக்காது. இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை.

கடைக்கு ஆள் வந்துவிட்டது, முடிக்கிறேன்.

தம்பி

*

ஏப்ரல் 9

தம்பிக்கு,

சுகம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை.

நேற்று மிஷினில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று கை நின்றுவிட்டது. அந்த சுவிட்ச் ஷாக் அடிக்க ஆரம்பித்ததே வாண்டு போவதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான். "தொடாதேம்மா, ஞாயித்துக்கிழமை மாத்திடறேன்" என்றான். அந்த ஞாயிற்றுக்கிழமை வரவேயில்லை. உன் அத்தானிடம்கூட நான் சொல்லவில்லை. நீ இந்த வீட்டுக்கு வந்து எத்தனையோ வருஷமாகிறது. உனக்கு எப்படித் தெரிந்தது?

உன் வீட்டில் இருப்பது நீங்கள் இரண்டு பேர். 'எல்லோருக்கும்' என்று எழுதியிருக்கிறாயே, அந்த எல்லோரும் யார்?

ஒரே ஒரு வரி எழுது. அது போதும்.

அக்கா

*

ஏப்ரல் 28

தம்பிக்கு,

உன்னிடமிருந்து வரி வரவில்லை. தபால்காரர் யூனிட்டுக்குள் நுழையும்போதெல்லாம் எழுந்து நிற்கிறேன். சூப்பர்வைசர் முறைக்கிறார். ஆனால் இல்லை என்றால் இல்லை என்று உடனே எழுதியிருப்பாய். நீ எழுதாமல் இருப்பதிலேயே எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

இந்தக் கடிதத்தின் மிச்சத்தை நீ படிக்க வேண்டாம். உன் வீட்டில் இன்னொருவர் இருந்தால் அவர் கையில் கொடு. யாருமில்லை என்றால் கிழித்துப் போடு.

வாண்டு,

வீட்டைப் பேசி முடித்துவிட்டோம். வாங்குகிறவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு நர்ஸ். தங்கையோடு வந்து பார்த்தார். மாடி அறையில், "இங்க யார் இருந்தாங்க?" என்று கேட்டார். "என் பையன்" என்றேன். "வெளியூர்ல வேலையா?" என்றார். "ஆமா" என்றேன். வாய் குழறாமல் சொல்ல முடிந்தது. இந்த முறை நாயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஜூன் முதல் தேதி சாமான் ஏற்றுகிறோம். புது வீடு ரயில்வே பாலத்துக்குப் பின்னால், பெரிய தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே உள்ள கட்டடத்தில் தரைத்தளம், இடது கைப்பக்கம் முதல் கதவு.

உன் அறைக்கு பெயிண்ட் அடிக்க ஆள் வந்தபோது உன் அப்பா தானே படியேறிப் போனார். உன் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, பட்டனெல்லாம் போட்டு மடித்து, அட்டைப்பெட்டியில் வைத்தார். பெட்டிமேல் 'மாடி' என்று எழுதி, புது வீட்டுக்குப் போகிற சாமான்களோடு சேர்த்து வைத்திருக்கிறார். புது வீட்டுக்கு மாடியே கிடையாது.

போன வருஷம் ரயில் பாதை ஓரம் ஒரு பையனின் உடல் கிடந்தது என்று பேப்பரில் வந்தது. உன் உயரம், உன் வயசு. யாரிடமும் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். துணியை விலக்கிக் காட்டினார்கள். நீ இல்லை. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அவனைப் பெற்றவள் எங்கே இருக்கிறாளோ என்று அந்த நேரம் தோன்றவேயில்லை. பஸ்ஸில் வரும்போதுதான் தோன்றியது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

உன்னை வா என்று கூப்பிடவில்லை. வர முடியாது என்றால் வேண்டாம். இருக்கிறாய் என்று மட்டும் தெரியட்டும்.

அம்மா

*

மே 6

அக்கா,

இருக்கிறான். இங்கேதான் இருக்கிறான். நன்றாக இருக்கிறான்.

உங்கள் வீட்டை விட்டுக் கிளம்பிய மறுநாள் காலை, நான் கடையைத் திறக்கும்போது ஷட்டர் ஓரம் உட்கார்ந்திருந்தான். காலெல்லாம் கொப்புளம். "அம்மாகிட்ட சொன்னீங்கன்னா இங்கேயும் இருக்க மாட்டேன் மாமா. அப்புறம் யாருக்கும் நான் கிடைக்க மாட்டேன்" என்றான். கோபம் தணிந்ததும் நானே எழுதிவிடலாம் என்று நினைத்தேன். தணிகிற மாதிரி தெரியும். உன் பேச்சை எடுத்ததும் எழுந்து பையைத் தேடுவான். ஒருமுறை நிஜமாகவே பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டான். அவள்தான் ஓடிப்போய்க் கூட்டிவந்தாள், அந்த முழங்காலோடு.

ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததாக நீ எழுதிய கடிதம் வந்தது. அதை அவனிடம் காட்டியிருக்க வேண்டும். உனக்காவது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். எதைச் செய்தாலும் ஓடிவிடுவானோ என்று இரண்டு பக்கமும் பயந்து, நடுவில் மரம் மாதிரி நின்றுவிட்டேன். மற்றக் கடிதங்களையெல்லாம் அவனுக்குப் படித்துக் காட்டினேன். அதை மட்டும் பெட்டியில் போட்டுப் பூட்டினேன். இந்த வருஷம் நீ அதைப் பற்றி எழுதிய வரியையும் தாண்டித்தான் படித்தேன். சுவிட்ச் விஷயம் அவன் எழுதச் சொன்னதுதான். "அம்மா ஈரக்கையோட இறங்குவாங்க மாமா, எழுதுங்க" என்று பக்கத்திலேயே நின்றான்.

லிஃப்ட் ரிப்பேர் செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறான். கெட்ட பழக்கம் ஒன்றும் இல்லை. தாடி வைத்திருக்கிறான், அது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை.

உன் கடிதத்தை வாசலில் நின்றே படித்தான். படித்துவிட்டு வெளியே போனான். திரும்பி வருவானா என்று எங்களுக்கு உயிரே இல்லை. இருட்டும் சமயம் வந்தான். "மாமா, ஆஸ்பத்திரி விஷயம் உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்றான். "தெரியும்" என்றேன். அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. நீயும் பேச மாட்டாய் என்று தெரியும்.

தம்பி

*

மே 11

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. யூனிட்டிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். ஏதோ துக்கச் செய்தி என்று நினைத்து எல்லோரும் ஓடிவந்து தண்ணீர் கொடுத்தார்கள். "இல்ல, நல்ல சேதி, நல்ல சேதி" என்று சொல்லிக்கொண்டே அழுதேன்.

அவனுக்குச் சோறு போட்டாய், படுக்க இடம் கொடுத்தாய். அதற்கு நான் உன் காலில் விழ வேண்டும். ஆனால் அந்தத் துணியை விலக்கிய நேரத்தில் என் பிள்ளை உன் வீட்டில் பல் தேய்த்துக்கொண்டிருந்திருப்பான். அதை நினைத்தால் உன் முகத்தில் முழிக்கவே பிடிக்கவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் மனசில் இருக்கிறது. என்ன செய்வது என்று தெரியவில்லை. உன் வீட்டுக்காரியிடம் மட்டும் என் அன்பைச் சொல். அந்த முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கச் சொல்.

அத்தானிடம் இன்னும் சொல்லவில்லை. இரண்டு தடவை வாயெடுத்தேன். "என்ன?" என்று நிமிர்ந்து பார்த்தார். "ஒண்ணுமில்ல, சாப்பிட வாங்க" என்றேன். தெரிந்தால் அங்கே கிளம்பி வந்து கத்துவாரோ, இல்லை ஒன்றுமே சொல்லாமல் இருந்துவிடுவாரோ, எது மோசம் என்று எனக்கே தெரியவில்லை.

அக்கா

*

மே 22

அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் கால் வீக்கத்துக்கு டாக்டரிடம் போனாயா?

எழுதி எழுதிக் கிழித்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன். நீ அங்கே தனியாகவா போனாய்? வரும்போது பஸ்ஸில் உட்கார இடமாவது கிடைத்ததா? இதையெல்லாம் கேட்பதற்கு எனக்கு என்ன யோக்கியதை என்றும் தெரிகிறது. அப்பாமேல் இருந்த கோபத்தில் உன்னை எங்கேயோ மறந்துவிட்டேன். எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை.

மாமாவைத் திட்டாதே. அவரை அப்படிக் கட்டிப்போட்டது நான்தான்.

வருகிறேன் என்று சொல்ல மாட்டேன். அப்பா முகத்தைப் பார்த்தால் என்ன ஆகும் என்று எனக்கே தெரியவில்லை. என் துணிகளை யாருக்காவது கொடுத்துவிடு.

புது வீட்டில் மெயின் போர்டு எங்கே இருக்கிறது? தரைத்தளம் என்கிறாய். சுவரில் ஈரம் இருந்தால் போர்டைத் தொடாதே. எர்த் சரியாக இருக்கிறதா என்று குடிபோகும் முன் பார்க்கச் சொல்.

வாண்டு

*

ஜூன் 4

தம்பிக்கு,

புது வீட்டிலிருந்து எழுதுகிறேன். நாங்கள் சுகம். உன் வீட்டுக்காரிக்கு ஒத்தடம் கேட்டதா? பாதி மூட்டை இன்னும் பிரிக்கவில்லை. அட்டைப்பெட்டிமேல் காகிதத்தை வைத்துத்தான் எழுதுகிறேன்.

நடந்ததை அவன் உன்னிடம் முழுசாகச் சொல்ல மாட்டான். அதனால் நான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் லாரி வந்தது, கூட இரண்டு ஆள். எல்லாம் ஏற்றியாயிற்று, மாடியில் இருந்த இரும்பு பீரோ மட்டும் மிச்சம். படி திரும்புகிற இடத்தில் அது குறுக்கே சிக்கிக்கொண்டது. ஒரு ஆளுக்குக் கை நசுங்கி ரத்தம் வந்தது. அவரை இன்னொருவர் குழாயடிக்குக் கூட்டிப்போனார். உன் அத்தான் மேல்பக்கத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், வேர்த்துக் கொட்டுகிறது. நான் அவருக்குப் பின்னால் ஜன்னலோரம் நின்று பதறிக்கொண்டிருக்கிறேன். பீரோ அடைத்துக்கொண்டதால் கீழே என்னாலும் இறங்க முடியவில்லை.

ஜன்னல் வழியாகப் பார்த்தால் கேட்டருகே ஒரு தாடிக்காரப் பையன். தோளில் பை. எனக்கு அடையாளம் தெரியவில்லை. பையைக் கீழே வைத்த விதத்தில்தான் தெரிந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

அவன் படியேறி வந்து பீரோவின் கீழ்ப்பக்கத்தைப் பிடித்தான். இவருக்கு ஆளைத் தெரியவில்லை, நடுவில் பீரோ. லாரிக்காரர் என்று நினைத்து, "கொஞ்சம் மேல தூக்குப்பா" என்றார்.

"தூக்கிட்டேன்" என்றான்.

இவர் கை அப்படியே நின்றுவிட்டது. பீரோ ஒரு இம்மி நகரவில்லை. குழாயடியிலிருந்து, "என்ன சார், மாட்டிக்கிச்சா?" என்று சத்தம். கையை விட்டுவிடுவாரோ, கத்துவாரோ என்று அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இடது பக்கம் சாய்" என்றார்.

"சாய்ச்சாச்சு."

"விரலைப் பார்த்துக்கோ."

பீரோ திரும்பியது. ஒவ்வொரு படியாக இறக்கினார்கள். கீழே இறங்க மூன்று படி இருக்கும்போது இவர் நின்றார். மூச்சு வாங்கத்தான் நிற்கிறார் என்று நினைத்தேன். பீரோவின் தகட்டைப் பார்த்துக்கொண்டே, "அன்னைக்கு நான் கை நீட்டியிருக்கக் கூடாது" என்றார். இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கிறேன், அந்தக் குரலை நான் கேட்டதில்லை.

பீரோ ஒரு படி இறங்கியது. அப்புறம், "இன்னும் ரெண்டு படி இருக்குப்பா. பார்த்து வாங்க" என்றான்.

பீரோவை இறக்கி வைத்ததும் இவர் குழாயடிக்குப் போய் முகம் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். வாண்டு என் பக்கத்தில் வந்து நின்றான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். காய்த்துப்போய், என் பிள்ளையின் கை மாதிரியே இல்லை. நர்ஸம்மா சாவி வாங்க வந்தவர், "இவர்தான் வெளியூர்ல இருக்கிற பையனா?" என்று கேட்டார். "ஆமா" என்றேன்.

எல்லாம் முன்பு மாதிரி ஆகிவிட்டது என்று எழுத மாட்டேன். மூன்று நாள் இருந்தான். இத்தனை நாள் உன் வீட்டில்தான் இருந்தான் என்று இவரிடம் அன்று இரவே சொல்லிவிட்டேன். மெயின் போர்டைக் கழற்றி மாட்டினான். இவர் டார்ச் பிடித்தார். இருவரும் வயரைப் பற்றித்தான் பேசினார்கள். சாப்பிடும்போது ஒருவர் தட்டை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள், நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். திரும்ப எப்போது வருவாய் என்று கேட்க எனக்கும் தைரியம் வரவில்லை. கேட்டு, அவன் ஏதாவது சொல்லிவிட்டால்?

இன்று காலை பஸ்ஸுக்குக் கிளம்பினான். வாசல் வரைக்கும்தான் இவர் வந்தார்.

உன்மேல் கோபம் இன்னும் தீரவில்லை. நேரில் வா, உட்கார வைத்துத் திட்டிவிட்டு அப்புறம் சாப்பாடு போடுகிறேன்.

அவன் பத்திரமாக வந்து சேர்ந்தானா என்று உடனே எழுது. மழை வரும்போல இருந்தது, குடையும் எடுத்துப் போகவில்லை. கேட்கச் சொல்வது நான் இல்லை.

அக்கா